டீசல் பிக்கப்பில் இன்ஜெக்டர் தேய்ந்துவிட்டதா: மாற்றுவதற்கு முன்பும் மாற்றும்போதும்

கேள்வி: 2017 மாடல் பொலேரோ பிக்கப், 2.4 லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, காய்கறி லோடு. காலையில் சாவி போட்டதும் எடுத்துவிடுகிறது. சந்தையில் இறக்கிவிட்டு அரை மணி கழித்து எடுத்தால் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. ஐடிலில் வண்டி ஆடுகிறது, மேடு ஏறும்போது கறுப்புப் புகை, புல்லிங்கும் குறைந்துவிட்டது. சத்தத்தைக் கேட்ட மெக்கானிக் நான்கு இன்ஜெக்டரையும் மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்:

மாற்ற வேண்டி வரலாம். ஆனால் சத்தத்தை மட்டும் கேட்டு எடுத்த முடிவுக்கு இவ்வளவு பணத்தைப் போடாதீர்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கெட்டதா இல்லையா என்பதை அளந்தே சொல்லிவிடலாம், அதற்கு அரை நாள் போதும். கெட்டதுதான் என்று உறுதியானாலும், எதனால் கெட்டது என்று பார்க்காமல் புதிதைப் போட்டால் புதிதும் அதே வழியில்தான் போகும்.

நீங்கள் சொன்னதில் எனக்கு முக்கியமாகப் படுவது, சூட்டில் எடுக்க மறுப்பதுதான். காலைக் குளிரில் எடுக்காமல் சூடானபின் ஒழுங்காக எடுக்கும் வண்டி என்றால் முதலில் சிலிண்டரைச் சூடாக்கித் தரும் ஹீட்டர் பிளக்கையும், சிலிண்டர் காற்றை அழுத்தும் வலுவான கம்ப்ரஷனையும் பார்க்கச் சொல்வேன். உங்களுடையது நேர்மாறாக இருக்கிறது. பம்ப் தள்ளும் டீசல் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் சேர்கிறது, அதுதான் ரெயில். அதில் குறைந்தபட்ச அழுத்தம் ஏறாதவரை எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கவே சொல்லாது. பெரும்பாலான காமன் ரெயில் வண்டிகளில் அது சுமார் 200 பார். குளிர்ந்த டீசல் கொஞ்சம் கெட்டியாக இருப்பதால், தேய்ந்த இடைவெளி இருந்தாலும் பம்ப் அந்த அழுத்தத்தை எட்டிவிடும். டீசல் சூடாகி நீர்த்துவிட்டால் பம்ப் தள்ளுவதில் பாதி எங்கோ ஒழுகித் திரும்பி டாங்கிக்கே போய்விடுகிறது. அழுத்தம் ஏற நேரம் பிடிக்கிறது, நீங்கள் செல்ஃப் அடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். ஒழுகும் இடம் இன்ஜெக்டராகவும் இருக்கலாம், ரெயில் பிரஷர் வால்வாகவும் இருக்கலாம், தேய்ந்த ஹை பிரஷர் பம்பாகவும் இருக்கலாம். எஞ்சின் சுற்றுவதை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் வேலை செய்யாமல் போனாலும் இதே மாதிரிதான் தெரியும். செல்ஃப் அடிக்கும்போது, ஈசிஎம்மைப் படிக்கும் ஸ்கேனரில் ஆர்பிஎம் காட்டுகிறதா என்று பார்த்தால் சென்சார் பற்றிய சந்தேகம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

இன்ஜெக்டர் உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் விளங்கும். ஊசியின் தலைக்கு மேலே ஒரு சின்ன அறை இருக்கிறது. அந்த அறையிலும், ஊசியின் கீழ்ப்பக்கத்திலும் ரெயிலின் முழு அழுத்தம் நிற்கும். மேலே பரப்பு அதிகம் என்பதால் ஊசி மூடியே இருக்கிறது. காயிலுக்குக் கரண்ட் போனதும் மேலேயுள்ள ஒரு சிறு எஃகு உருண்டை தன் இருக்கையை விட்டு எழும்பும், அறையின் அழுத்தம் டாங்கிக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் இறங்கும், ஊசி மேலே எழும்பும், நுனியிலுள்ள நாசில் துளைகள் வழியே டீசல் தெளிக்கும். ஊசிக்கும் அது நகரும் குழாய்க்கும் இடையே சில மைக்ரான்தான் இடைவெளி. துளைகள் ஒவ்வொன்றும் 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் இருக்கும். இவ்வளவு நுணுக்கமான இடத்தில் தூசியோ தண்ணீரோ வந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

தேய்மானம் பெரும்பாலும் மூன்று இடத்தில் வரும், மூன்றும் வெவ்வேறு கோளாறைக் காட்டும். உருண்டை உட்காரும் இடம் தேய்ந்தால் ரிட்டர்னில் டீசல் அதிகமாகப் போகும், சூட்டில் ஸ்டார்ட் ஆகாது. ஊசி நுனி உட்காரும் இடம் தேய்ந்தால் மூடியபிறகும் சிலிண்டருக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். அதனால் வெள்ளைப் புகை வரும், நாக்கிங் வரும், ஆயிலில் டீசல் கலக்கும், கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டன் தலை உருகி ஓட்டை விழும். நாசில் துளைகள் அரித்துப் பெரிதானால் லோடில் கறுப்புப் புகை தள்ளும். கரி படிந்து அடைத்தால் புல்லிங் போகும். ரிட்டர்னில் போகும் டீசலை அளந்து பலர் செய்யும் ரிட்டர்ன் டெஸ்ட் இவற்றில் முதலாவதை மட்டுமே காட்டும். ரிட்டர்ன் சரியாக இருக்கிறது என்பதற்காக இன்ஜெக்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

ஸ்பேனரை எடுப்பதற்கு முன் செலவில்லாத சோதனைகளை முடித்துவிடுங்கள். டீசல் ஃபில்டர் கடைசியாக எப்போது மாற்றியது? வாட்டர் செபரேட்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், அடியில் தண்ணீர் தனியாகப் பிரிந்து நிற்கிறதா என்று. ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் உள்ளே இருப்பது தெரியும் ஒரு துண்டு பிளாஸ்டிக் டியூப் போட்டு ஓடவிட்டால் ஏர் எடுப்பது குமிழியாகத் தெரியும். உங்கள் வண்டியின் கறுப்புப் புகைக்கும் புல்லிங் குறைவுக்கும் இன்ஜெக்டர் காரணமே இல்லாமலும் இருக்கலாம். டர்போவிலிருந்து, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் கிழிந்தாலோ கிளாம்ப் தளர்ந்தாலோ அச்சு அசலாக இதே நிலைதான். புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தபடி நின்றாலும் அப்படியே. ஹோஸைக் கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு அடிப்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும்.

அடுத்து ஸ்கேன். ஃபால்ட் கோடு, அதாவது கோளாறு எண், எதுவும் இல்லை என்று சொல்லி ஸ்கேனரைக் கழற்றினால் ஸ்கேன் போட்டதில் பயனில்லை. எஞ்சின் ஓடும்போதே அளவுகளைக் காட்டும் லைவ் டேட்டாவில் ஈசிஎம் கேட்கும் ரெயில் அழுத்தத்தையும் உண்மையில் இருக்கும் அழுத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐடிலில் சுமார் 250 முதல் 350 பார் இருக்கும். லோடோடு மேடு ஏற்றும்போது கேட்பது ஏறிக்கொண்டே போய், இருப்பது பின்தங்கினால் எங்கோ கசிகிறது அல்லது பம்புக்கு டீசல் போதவில்லை. பிறகு ஐடிலில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஈசிஎம் செய்யும் திருத்த அளவைப் பாருங்கள், கன மில்லிமீட்டரில் காட்டும். எல்லாம் பூஜ்யத்தை ஒட்டி இருந்தால் நல்லது. ஒன்று மட்டும் 2, 3 என்று கூட்டலில் நின்றால் அந்தச் சிலிண்டர் பலவீனமாக இருக்கிறது, ஈசிஎம் கூடுதல் டீசல் கொடுத்துச் சமாளிக்கிறது. கழித்தலில் நின்றால் அங்கே இன்ஜெக்டர் அதிகம் ஊற்றுகிறது. ஒரு எச்சரிக்கை: கம்ப்ரஷன் குறைந்த சிலிண்டரும் கூட்டலில்தான் காட்டும். ஆகவே அந்த எண்ணை மட்டும் வைத்து இன்ஜெக்டரைக் குற்றம் சொல்லாமல் கம்ப்ரஷனையும் அளக்க வேண்டும். 2.4 லட்சம் ஓடிய லோடு வண்டியில் இதைத் தவிர்க்கவே கூடாது. நான்கு புது இன்ஜெக்டர் போட்டபிறகு சிலிண்டர் வால்வு கசிகிறது என்று தெரியவந்தால் யாருக்கும் ஆறுதல் சொல்ல முடியாது.

எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்க்க, ஸ்கேனரிலேயே ஒவ்வொரு இன்ஜெக்டராக நிறுத்திப் பார்க்கும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். எதை நிறுத்தும்போது ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அதுதான் வேலை செய்யாதது.

ரெயில் இல்லாமல் பம்பே நேராக நாசிலுக்கு அனுப்பும் பழைய வண்டியில் எஞ்சின் ஓடும்போதே ஒவ்வொரு நாசில் பைப் நட்டையும் தளர்த்தி மிஸ்ஸிங் பார்ப்பது எல்லா ஷெட்டிலும் வழக்கம். காமன் ரெயிலில் அதைச் செய்யவே கூடாது, பக்கத்தில் நிற்பவரையும் செய்ய விடாதீர்கள். ஐடிலிலேயே 300 பார், லோடில் ஆயிரம் பாருக்கு மேல். அந்த அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு சின்னப் புள்ளிதான் தெரியும், முதலில் வலிகூட அதிகம் இருக்காது, உள்ளே சதை செத்துக்கொண்டு வரும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க வேண்டி வரும். அப்படி ஒருவருக்கு நேர்ந்தால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வீட்டுக்கு அனுப்பாதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், ஹை பிரஷர் டீசல் உடம்புக்குள் போயிருக்கிறது என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எஞ்சினை நிறுத்தியபிறகும் பைப்பில் கை வைக்கப் பத்து நிமிடமாவது பொறுங்கள்.

இப்போது உங்கள் வண்டிக்கு முக்கியமான ரிட்டர்ன் டெஸ்ட். இன்ஜெக்டர் தலையிலுள்ள ரிட்டர்ன் கிளிப்புகளைக் கழற்றி, நான்கிலிருந்தும் ஒரே நீள டியூபை நான்கு அளவு பாட்டில்களில் விடுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடாக இருக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் கோளாறே சூட்டில்தான் வருகிறது. ஐடிலில் இரண்டு மூன்று நிமிடம், பிறகு ஆர்பிஎம் கொஞ்சம் ஏற்றி மறுபடியும் அதே நேரம். மூன்று பாட்டில் ஏறக்குறைய சமமாகவும் ஒன்று மட்டும் இரண்டு மூன்று மடங்காகவும் இருந்தால் அதுதான் குற்றவாளி. நான்கும் சமமாகத் தேய்ந்திருந்தால் இந்த ஒப்பீடு ஏமாற்றிவிடும். நான்கு பாட்டிலும் ஒரே அளவு, ஆனால் நான்குமே அதிகம். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது: ரெயிலில் ஒரு இன்ஜெக்டருக்குப் போகும் வாயை அதற்கென்றே வரும் டம்மி நட்டால் அடைத்துவிட்டுச் செல்ஃப் அடித்து, ரெயில் அழுத்தம் சட்டென்று ஏறுகிறதா என்று பார்ப்பது. எதை அடைக்கும்போது ஏறுகிறதோ அதில் கசிவு. நான்கையும் அடைத்தும் ஏறவில்லை என்றால் இன்ஜெக்டரை விட்டுவிட்டு ரெயில் வால்வையும் பம்பையும் பாருங்கள். இந்த ஒரு சோதனைக்காகவே டீசல் பம்ப் ரிப்பேர் கடைக்குப் போனாலும் தகும்.

காயில் ரெசிஸ்டன்ஸ் அளப்பதை நான் பெரிதாக நம்புவதில்லை. இவ்வகை இன்ஜெக்டரில் அது அரை ஓமுக்கும் குறைவு, சாதாரண மீட்டரின் ஒயரே அந்த அளவு காட்டும். காயில் முழுதாக அறுந்திருந்தாலோ பாடியோடு ஷார்ட் ஆகியிருந்தாலோ தெரியும், அதற்கு மட்டும் பாருங்கள்.

இதையெல்லாம் பார்த்து இன்ஜெக்டர்தான் என்று ஆகிவிட்டால், நான்கையும் கழற்றி, இன்ஜெக்டரைச் சோதிக்கும் மெஷினான பென்ச்சில் போடுவதுதான் சரி. கழற்றும் கூலி ஒன்றுக்கும் நான்குக்கும் பெரிய வித்தியாசமில்லை. பென்ச்சில் முதலில் லீக், பிறகு ஃபுல் லோடு, நடு லோடு, ஐடில், முக்கியத் தெளிப்புக்கு முன் வரும் சின்னத் தெளிப்பான பைலட் என்று ஒவ்வொரு நிலையிலும் எவ்வளவு தெளிக்கிறது, எவ்வளவு ரிட்டர்ன் போகிறது என்று எண்ணாக வரும். அந்த ரிப்போர்ட்டை ரிப்பேருக்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் கடையில் வேலை கொடுக்காதீர்கள். ரிப்போர்ட்டில் இரண்டு நன்றாக இருந்தால் அந்த இரண்டையும் அப்படியே திரும்பப் போடலாம், நான்கையும் மாற்றியே தீர வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கெட்டதில் பாடி நன்றாக இருந்தால் நாசிலும் வால்வு செட்டும் மாற்றி ரிப்பேர் செய்யலாம். ஆனால் நாசிலின் நம்பர் பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டி மட்டும் ஒரிஜினல் போல இருக்கும் போலி நாசில் நிறைய ஓடுகிறது, பென்ச்சில் சரியாகக் காட்டிவிட்டு ரோட்டில் கைவிடும். டாங்கியில் ஊற்றும் கிளீனர் பாட்டில் கரி படிந்திருந்தால் கொஞ்சம் கரைக்கும். தேய்ந்த எஃகை அது திரும்ப வளர்க்காது.

கழற்றுவதில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. முதல் ஸ்பேனர் வைப்பதற்கு முன் ஹெட்டைச் சுற்றிக் கம்ப்ரஸர் காற்றால் ஊதி, டீசலால் கழுவித் துடையுங்கள். திறந்த ஒவ்வொரு வாய்க்கும் உடனே சுத்தமான மூடி போட வேண்டும், பஞ்சு திணிக்கக் கூடாது. இன்ஜெக்டர் கரி பிடித்து இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெய் விட்டு இரவு முழுக்க ஊறவிடுங்கள், எஞ்சின் லேசாகச் சூடாக இருக்கும்போது ஸ்லைடு ஹேமர் புல்லரால் நேராக இழுங்கள். காயில் தலையில் ரெஞ்ச் போட்டுத் திருகினால் அந்த இன்ஜெக்டர் அங்கேயே முடிந்தது. எந்தச் சிலிண்டரிலிருந்து எது வந்தது என்று அடையாளம் போட்டு வையுங்கள்.

இன்ஜெக்டர் வெளியே வந்ததும் செம்பு வாஷர் அதோடு வந்ததா என்று பாருங்கள். பல நேரம் அது குழிக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். கவனிக்காமல் புது வாஷரைப் போட்டால் இரண்டு வாஷர் அடுக்காகி, இன்ஜெக்டர் உயர்ந்து நின்று, டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. குழியின் துளையைக் கிரீஸ் தடவிய துணியால் அடைத்துவிட்டு, அதற்கான கட்டரால் இருக்கையை மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள், தூள் சிலிண்டருக்குள் விழக் கூடாது. வாஷர் எப்போதும் புதிது, அதே தடிமன். பழைய வாஷரைச் சூடுபடுத்திப் போடும் வழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். கசிந்தால் எரிந்த வாயு இன்ஜெக்டரைச் சுற்றிக் கறுப்புத் தாராக ஏறி, அடுத்த முறை கழற்றவே முடியாதபடி இறுகிவிடும்.

இலங்கையில் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப் ஓட்டுபவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும். அதன் 1கேடி 3 லிட்டர் எஞ்சினில் இந்த அடி வாஷர் கசிந்தால் கரி எஞ்சின் ஆயிலில் கலந்து, அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் உள்ள ஆயில் ஸ்டிரெய்னர் என்ற சல்லடையை அடைத்து, ஆயில் பிரஷர் இறங்கி எஞ்சினே போய்விடும். அங்கே இன்ஜெக்டர் வேலை என்றால் ஸ்டிரெய்னரையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும்.

பூட்டும்போது வரிசை முக்கியம். இன்ஜெக்டரை உட்கார வைத்துக் கிளாம்ப் போல்ட்டைக் கையளவில் விடுங்கள், பைப் நட்டை இரண்டு பக்கமும் கையால் ஏற்றுங்கள், பிறகு கிளாம்பை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் அளவுக்கு, கடைசியாகப் பைப் நட்டை. முதலிலேயே கிளாம்பை இறுக்கிவிட்டு பைப்பை வளைத்துக் கொண்டுவந்து மாட்டினால் அது ஒருநாள் விண்டுபோகும். ஹை பிரஷர் பைப் ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்று பல கம்பெனி மேனுவல்கள் சொல்கின்றன. குறைந்தது இன்ஜெக்டர் மாறும் சிலிண்டரின் பைப்பையாவது மாற்றுங்கள்.

இன்ஜெக்டர் தலையில் எழுத்தும் எண்ணுமாக ஒரு கோடு (code) பொறித்திருந்தால், அந்த இன்ஜெக்டர் எந்த அளவு கூடுதலாகவோ குறைவாகவோ தெளிக்கிறது என்பதை அது ஈசிஎம்முக்குச் சொல்கிறது. மூடுவதற்கு முன் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டு ஸ்கேனரில் அந்தந்தச் சிலிண்டருக்கு ஏற்றுங்கள். நல்ல பழைய இன்ஜெக்டரை இடம் மாற்றிப் போட்டாலும் கோடும் அதோடு மாற வேண்டும். ரிப்பேர் செய்தவர் பென்ச்சில் புதுக் கோடு எடுத்துத் தந்திருந்தால் அதைத்தான் போட வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட வண்டி புது இன்ஜெக்டரோடும் ஆடும், பழி சாமான் மீது விழும்.

லைனில் உள்ள ஏரை வெளியேற்ற, கையால் அழுத்தும் பம்பான ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும் வரை அடியுங்கள். செல்ஃப் ஒரு தடவைக்குப் பத்து வினாடிக்கு மேல் வேண்டாம், நடுவே ஓய்வு கொடுங்கள். வண்டியைத் தள்ளியோ ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்தோ எடுக்க முயலாதீர்கள், ஹீட்டர் பிளக் சூடாக இருக்கும்போது ஸ்பிரே வெடிக்கும். ஓடத் தொடங்கியதும் கசிவைக் கையால் தடவிப் பார்க்காமல் ஒரு அட்டையை நட்டுகளின் பக்கம் நகர்த்திப் பாருங்கள். ஆயில் கேஜில் அளவு ஏறியிருந்தாலோ டீசல் வாடை வந்தாலோ ஆயிலும் ஆயில் ஃபில்டரும் உடனே மாற்றுங்கள். டீசல் கலந்த ஆயிலோடு லோடு ஏற்றினால் பேரிங் நிற்காது.

இனி, இவை தேய்ந்த காரணம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுக்க வரும், பிஎஸ்6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதிப்படியான டீசலில் கந்தகம் 10 பிபிஎம்தான், முந்தைய பிஎஸ்4-ல் 50. கந்தகத்தை எடுக்கும்போது டீசலின் இயல்பான வழவழப்பும் குறைவதால், ரிஃபைனரியில் அதற்கென மருந்து சேர்த்துத்தான் அனுப்புகிறார்கள். இதில் மண்ணெண்ணெய் கலந்தால் அந்த வழவழப்பு போய், பம்பும் இன்ஜெக்டரும் உலோகத்தோடு உலோகம் உரசும். அதைவிட நான் அதிகம் பார்ப்பது தண்ணீர். மழைக்காலத்தில் டாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தாலும், தோட்டத்து பேரலில் வைத்த டீசலை ஊற்றினாலும் தண்ணீர் வரும். உங்களுக்கு அப்படிப் பேரல் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஃபில்டரைக் கம்பெனி சொல்லும் கிலோமீட்டருக்கு முன்பே மாற்றுங்கள், விலை குறைந்த உள்ளூர் ஃபில்டர் வேண்டாம். பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் காகிதத்தை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள், பம்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வையும் கழற்றி அதன் ஜல்லடையைப் பாருங்கள். வெள்ளித்தூள் மினுமினுத்தால் பம்பே அரைபட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது இன்ஜெக்டர் வேலையை நிறுத்தி, பம்ப், ரெயில், பைப், டாங்கி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் செய்ய வேண்டும். பம்பை விட்டு இன்ஜெக்டரை மட்டும் மாற்றினால் அந்தத் தூள் புது நாசிலை ஒரு மாதம்கூட விட்டுவைக்காது.

ஆகவே மெக்கானிக்கிடம் சண்டை வேண்டாம், முதலில் ஸ்கேனும் சூடான எஞ்சினில் ரிட்டர்ன் டெஸ்டும் செய்து தரச் சொல்லுங்கள். நான்கு சிலிண்டரின் திருத்த எண், நான்கு பாட்டில் அளவு, செல்ஃப் அடிக்கும்போது ரெயில் எத்தனை பார் காட்டியது, வாட்டர் செபரேட்டரில் என்ன வந்தது, இவற்றை எழுதுங்கள். இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டுமா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.